ழகரத்தின் வால்

விருத்தாசலம் வந்தால் தயாபரன் கண்ணை மூடிக்கொள்வான். தூக்கம் இல்லை, பாவனைதான். கடலூரில் பஸ் ஏறி சேலத்தில் தங்கை வீட்டுக்குப் போகிறவன், நடுவில் இந்த ஓர் ஊரை மட்டும் பார்க்காமல் கடந்துவிட வேண்டும் என்று ஏழு வருஷமாக ஒரு விரதம் மாதிரி வைத்திருக்கிறான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்கிற சித்தாந்தத்தில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. இன்றைக்கும் நெய்வேலி தாண்டியதுமே கண்ணை மூடி, தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக்கொண்டான். ஆனால் ஊருக்கு முன்னாலேயே ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். பஸ் நின்றது, இன்ஜின் அணைந்தது, அதுவரை வந்துகொண்டிருந்த காற்றும் நின்றது. ஓடுகிற பஸ்ஸில் கண்ணை மூடியிருப்பது சுலபம். நின்ற பஸ்ஸில், பங்குனி வெயிலில், முதுகில் வேர்வை இறங்கிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு நேரம் மூடியிருக்க முடியும்? திறந்தான். திறந்த கண்ணுக்கு நேரே, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. எழுத்துருச் செய்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு, வார்த்தைக்கு முன்னால் எழுத்துதான் தெரியும். கவராயம், தடித்த எழுத்து, இடைவெளி சரியாக இருக்கிறது, என்று கண் முதலில் சொன்னது. அவன் செய்த எழுத்துரு அது, காம்பஸின் தமிழ்ப் பெயரை வைத்தது, வட்டமும் நேர்கோடும் தவிர வேறு எதுவும் இல்லாத எழுத்து. அதைப் பார்த்ததும் எப்போதும் போல ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்துவிட்டது, அந்த வெட்கக்கேட்டை என்ன சொல்ல. அப்புறம்தான் வார்த்தை தெரிந்தது. மேலே கண்ணீர் அஞ்சலி. அதன் கீழே, அதைவிடப் பெரிதாக, ச. மகிழ்நன். அதற்கும் கீழே ஒரு நெற்றி, இரண்டு புருவம். மிச்சத்தைத் தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு குட்டி லாரி மறைத்துக்கொண்டு நின்றது.

மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி. கை முன்சீட்டுக் கம்பியைத் தானாகப் பிடித்துக்கொண்டது. இல்லை. இல்லை, இல்லை. இது மாதிரி. மாதிரிதான், வேறென்ன. மாதிரி என்றால் எழுத்துரு செய்து முடித்ததும் அது எப்படி இருக்கும் என்று காட்டுவதற்குப் போட்டுப் பார்க்கிற பக்கங்கள். ராயப்பேட்டை மாடி அறையில் அவனும் மகிழ்நனும் பதினோரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து எழுத்து வரைந்தார்கள். எந்த எழுத்துரு செய்தாலும் ஐந்து மாதிரி போடுவார்கள். கல்யாணப் பத்திரிகை ஒன்று, பாடப்புத்தகப் பக்கம் ஒன்று, மாத்திரை அட்டை ஒன்று, பஸ் போர்டு ஒன்று, கடைசியாகக் கண்ணீர் அஞ்சலி. தமிழ்நாட்டில் எழுத்தைப் பத்தடி தூரத்தில் நின்று நிதானமாகப் படிக்கிறவன் கண்ணீர் அஞ்சலி பார்க்கிறவன் மட்டும்தான் என்பது மகிழ்நனின் கண்டுபிடிப்பு. அஞ்சலிக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு போட்டோ வேண்டும். யார் பெயரைப் போடுவது? அப்படித்தான் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. அன்றைய எழுத்துகளை எவன் முதலில் முடிக்கிறானோ அவன் மற்றவனைக் கொன்றுவிடலாம். கொன்றதும் பிரிண்ட் எடுத்து எதிராளியின் மேஜையில் ஒட்டிவிட வேண்டும். செத்தவன் டீ வாங்கி வர வேண்டும். "இன்னைக்கு நீ காலிடா மாப்ள. மாலை போட்டாச்சு, போய் டீ வாங்கிட்டு வா," என்பான் மகிழ்நன். "செத்தவன் எப்படிடா டீ வாங்குவான்?" என்றால், "அதெல்லாம் சாகறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்" என்பான். எத்தனை சாவு! தயாபரன் மாரடைப்பில் செத்திருக்கிறான், மாட்டு வண்டி ஏறிச் செத்திருக்கிறான், நூற்றிரண்டு வயதில் கொள்ளுப்பேரன்கள் சூழச் செத்திருக்கிறான். மகிழ்நனும் சளைத்தவன் இல்லை. அவனுடைய அஞ்சலிக்கு எப்போதும் ஒரே போட்டோதான், டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு எதற்கோ சிரிக்கிறது, தயாபரன் எடுத்தது. அந்த நெற்றிதான் அங்கே தெரிகிறது. லாரிக்கு மேலே. அந்தப் புருவம்தான். பார், அதே போட்டோ, அப்படியென்றால் அதே மாதிரிதான். எந்தப் பாவி இன்னும் அந்த மாதிரியை வைத்துக்கொண்டு அச்சடிக்கிறானோ. ஆனால் வீட்டில் ஒருவர் செத்துப்போனால் யாராக இருந்தாலும் நல்ல போட்டோவைத்தானே தேடுவார்கள்? அவன் சிரிக்கிற போட்டோ வேறு ஏது?

"கூட்ஸ் வண்டி. பத்து நிமிசம் ஆவும்," என்று கண்டக்டர் படியிலிருந்து அறிவித்துவிட்டு, கீழே இறங்கிப் புளியமர நிழலுக்குப் போய்விட்டார்.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, மடியில் முந்திரிக்கொட்டைப் பை. அவளும் ஜன்னல் வழியாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைத்துப் படித்தாள். "மகிழ்... நன். மகிழ்நன். ஐயோ பாவம், நெத்தியப் பாத்தா சின்ன வயசாட்டம் தெரியுதே. தெரிஞ்சவங்களாங்க?"

"இல்ல," என்றான் தயாபரன். வாயில் வந்தது அதுதான். குருவைத் தெரியாது என்று மறுத்த பைபிள் சீடனுக்குக் கூவின சேவல் இங்கே கூவாத குறை.

"எட்டாவது வரைக்கும்தாங்க நானு. கண்ணாடி இல்லன்னா பஸ்ஸு போர்டே தெரியாது. இது பாருங்க, அம்மாந்தூரத்துல இருந்து எப்படிப் பளிச்சுனு தெரியுது. யாரு எழுதுனாங்களோ, நல்லா இருக்கணும்."

பத்து வருஷம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் அலைந்தான். கருத்தரங்குகளில் பேசியிருக்கிறான், வட்டத்தின் ஆரம் என்றும், கோட்டின் கனம் என்றும், கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி எழுத்து இருக்க வேண்டும் என்றும். கூட்டத்தில் கைதட்டினார்கள், கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவள் சொல்லிவிட்டாள், எங்கே சொன்னாள் பார், எதைப் படித்துவிட்டுச் சொன்னாள் பார். நல்லா இருக்கணுமாம். யார் எழுதினார்களோ அவர்கள். எழுதியது இரண்டு பேர் அம்மா, ஒருவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான், இன்னொருவன், இன்னொருவன், என்று அதற்குமேல் அந்த வாக்கியம் நகர மறுத்தது. முள்ளில் மாட்டிய வேட்டி மாதிரி அதே இடத்தில் நின்று இழுத்தது. அவன் அதை விட்டுவிட்டு மாதிரிக்குத் திரும்பினான். மாதிரி ஊர் ஊராகப் போனது அவனால்தான். கவராயம் முடிந்ததும் அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள், ஃப்ளெக்ஸ் கடைகளுக்கு முக்கியமாக. கோப்புகளைக் கட்டி அனுப்பியவன் தயாபரன். ஐந்து மாதிரிகளும் உள்ளேயே இருந்தன. கடைசி மாதிரியில் மகிழ்நன் செத்துக்கிடந்தான், போட்டோவோடு, ஊர்ப்பெயரோடு. எடுத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று தோன்றவே இல்லை. பதினோரு வருஷம் தினமும் செத்துப் பிழைத்தவர்களுக்கு அது சாவாகவா தெரியும்? உளுந்தூர்ப்பேட்டை பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரன், புது எழுத்து வந்திருக்கிறது, இப்படி அடித்துத் தரப்படும் என்று காட்டுவதற்காக, அந்த மாதிரியை ஆளுயரத்துக்கு அடித்துக் கட்டிவிட்டான். ஒரு திங்கட்கிழமை காலை, பஸ் மாறுவதற்காக அங்கே இறங்கினாள் செந்தாமரை, மகிழ்நனின் பெண்டாட்டி. முதல்நாள் ராத்திரிதான் அவனை மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தவள்.

அந்தத் திங்கட்கிழமையை அவன் ஏழு வருஷமாகச் சுற்றி வருகிறான், உள்ளே போனதில்லை. இன்றைக்குக் கதவு தானாகத் திறந்துகொண்டது. மணி ஏழரை இருக்கும். மகிழ்நன் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கக் கீழே போயிருந்தான், சனிக்கிழமை செத்த பாக்கி. அவன் போன் அணைந்துபோய் சார்ஜில் கிடந்தது. தயாபரனின் போன் அடித்தது. "அண்ணே, பஸ் ஸ்டாண்டுல அவரு போட்டோ போட்டிருக்காங்கண்ணே. கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்காங்கண்ணே. ராத்திரி நல்லாத்தானே பஸ் ஏறுனாரு. என்னண்ணே ஆச்சு, யாருமே எனக்கு ஏண்ணே சொல்லல?" குரலுக்குப் பின்னால் பஸ் ஹாரன், யாரோ ஒரு பெண் "எந்திரிம்மா, ரோட்டுல உக்காராத" என்கிறாள். அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததும் என்ன செய்தான்? சிரித்தான். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தான். எழுத்து அவ்வளவு அசலாக இருந்திருக்கிறது, கட்டின பெண்டாட்டியே நம்பிவிட்டாள். சிரித்துக்கொண்டே, "எப்படி, எழுத்து நல்லா வந்திருக்கா?" என்று கேட்டான். கேட்டானே. கேட்ட வாய் இதுதான், இதோ காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகிழ்நன் ஃபிளாஸ்க்கோடு வாசலில் நின்றிருந்தான். போனை வாங்கினான். "நான்தாம்மா. இருக்கேன். இருக்கேன்டி. இருக்கேன்." முப்பது தடவையாவது சொல்லியிருப்பான். சொல்லி முடித்துவிட்டுத் திரும்பி, "சிரிச்சியாடா?" என்றான். அவ்வளவுதான். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். சாயங்காலம் பெட்டியைக் கட்டினான், கம்ப்யூட்டரை ஒரு போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். சொந்த ஊரான விருத்தாசலத்தில் கடை போட்டுவிட்டான், ஃப்ளெக்ஸ், பத்திரிகை, காதுகுத்து என்று என்னமோ. தயாபரன் கோப்பிலிருந்து மாதிரியை நீக்கினான். தப்பு நடந்த இடம் கோப்பு, கோப்பைச் சரிசெய்தாகிவிட்டது, பிறகென்ன மன்னிப்பு என்று தனக்குள் ஒரு வக்கீலை வைத்து வாதாடினான். வக்கீல் நன்றாகத்தான் பேசினான். ஆனால் கோப்பு சிரிக்கவில்லையே.

அவள் அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்திருந்தது எவ்வளவு நேரம்? அரைமணி என்று பிறகு யாரோ சொன்னார்கள். அரைமணி. இவனுக்கு இன்னும் நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது, காது இரண்டும் அடைத்துவிட்டது. இப்படித்தான் இருந்ததா செந்தாமரை உனக்கு? வெயிலில், தெரியாத ஊரில். உனக்குக் கேட்பதற்கு என்னைப் போல ஒரு யோக்கியன் இருந்தான்.

சரி, பார்ப்போம், அழுவதற்கு முன்னால் பார்ப்போம், எழுத்தைப் பார்ப்போம். எழுத்து பொய் சொல்லாது. அவன் கண்ணைச் சுருக்கினான். மகிழ்நன் என்ற பெயரில் ஒரு ழ் உண்டு. அந்த ழகரத்தில்தான் இரண்டு பேரும் மூன்று மாதம் சண்டை போட்டார்கள். ட ஒரு செங்கோணம், ப மூன்று கோடு, ம பாதி வட்டம் என்று கவராயத்தில் எல்லாம் படியும். ழ படியாது. அதற்கு வால் உண்டு, கீழே இறங்கிச் சுழிக்கும், அடுத்த வரியின் தலையில் போய் இடிக்கும். தயாபரன் வெட்டிவிட்டான். வரிக்கோட்டோடு நறுக்கென்று வெட்டி, "இப்பப் பாரு, சுத்தமா இருக்கு" என்றான். "சுத்தம்னா வெட்டி எறியறது இல்லடா," என்றான் மகிழ்நன். "அந்த எழுத்து மூச்சு விடற இடம் அது. வரிக்கு வரி இன்னும் கொஞ்சம் எடம் வுட்டா முடிஞ்சிச்சு. நீ ஏன் எடம் வுட மாட்டேங்கற?" இடம் விடவில்லை. வெட்டின வாலோடுதான் கவராயம் வெளியே போனது. பாடப்புத்தகத்தில், மாத்திரை அட்டையில், இந்த பஸ்ஸின் நெற்றியில்கூட சேலம் என்று அதுதான் எழுதியிருக்கிறது. உலகம் முழுக்கக் கவராயத்தின் ழ வெட்டுப்பட்ட ழ. மகிழ்நன் தன் கம்ப்யூட்டரில் மட்டும் நீளவால் போட்ட ஒன்றை வைத்திருந்தான், யாருக்கும் தரவில்லை. "இது என் பேருக்கு மட்டும். என் பேர நீ வெட்ட முடியாது," என்பான். சரி. இப்போது பார். அங்கே இருக்கிற ழ். பார். வால் இருந்தது. இறங்கி, வட்டத்தின் கால்பங்கு சுழித்து, புள்ளி வைத்த ழ்-க்குக் கீழே சாவகாசமாகப் படுத்திருந்தது.

அப்படியென்றால் மாதிரி இல்லை. இரண்டாவது தடவையாக அந்த இல்லாத படியில் கால் வைத்தான். மாதிரியில் வால் கிடையாது, மாதிரியைப் போட்டவன் இவன். ஃப்ளெக்ஸின் நிறமும் புதுசு. ஏழு வருஷ வெயில் தின்ற சிவப்பா அது, நேற்று அடித்த சிவப்பு. ஐயோ மகிழு. அடப்பாவி. உனக்கு என்னடா ஆச்சு, ஐம்பது வயது ஒரு வயதா? மாரடைப்பா, வண்டியில் போனாயா, எங்கே, யார் பார்த்தார்கள்? பக்கத்து அம்மா முந்திரிக்கொட்டைப் பையை இடம் மாற்றி வைத்தாள். பின்சீட்டில் ஒரு குழந்தை சிணுங்கியது. அப்போது சட்டென்று ஒன்று தோன்றியது. நில்லு. அந்த ழ யாரிடம் இருக்கிறது? மகிழ்நனிடம் மட்டும். அப்படியென்றால் இதைப் போட்டவன் யார்? மகிழ்நன்தான். தன் கையால், தன் கம்ப்யூட்டரில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி பார்த்து உட்கார்ந்து போட்டிருக்கிறான். செத்தவன் எப்படிடா போடுவான்? அடேய். அடேய், இது விளையாட்டு! ஏழு வருஷம் கழித்து அவன் முறை. தன் கடைக்குத் தானே செத்து விளம்பரம் வைத்திருக்கிறான், யார் என்ன சொன்னாலும் கேட்கிறவனா அவன்? லாரி நகர்ந்தால் கீழே தெரியும், மகிழ் கிராஃபிக்ஸ், ரயிலடி எதிரில் என்று போன் நம்பரோடு. தயாபரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்தத் தடவை வேறு தண்ணீர். ஆனால் செந்தாமரை இதற்கு விடுவாளா? அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்து ரோட்டில் உட்கார்ந்தவள், அதே அஞ்சலியை ஊர் வாசலில் கட்ட விடுவாளா? இந்தக் கேள்வி கதவைத் தட்டியது. அவன் திறக்கவில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தால் என்ன? நாற்பதடி. சைக்கிள்காரர்கள் கேட்டுக்கு அடியில் குனிந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு கிழவர்கூடக் குனிந்து போனார். இவன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்திருக்கும் வரைக்கும் மகிழ்நன் இரண்டு விதமாகவும் இருக்கிறான், நாற்பதடி நடந்தால் ஒரு விதம்தான் இருப்பான். அதனால் போனை எடுத்தான். மகிழ் என்றே இருந்தது பெயர். எத்தனையோ போன் மாற்றியும் அந்தப் பெயர் கூடவே வந்துகொண்டிருக்கிறது, அழுத்தியதுதான் இல்லை. அழுத்தினான். முதல் மணி அடித்தது. எடுத்தால் என்ன சொல்வது? "டேய், கேட்டுல நிக்கறேன், உன் சாவு நல்லா வந்திருக்கு." வேண்டாம். "மன்னிச்சுக்கடா." அதுதான், அதைத்தான் சொல்ல வேண்டும், ஏழு வருஷமாக வாய்க்குள் அடைகாக்கிற அந்த ஒரு முட்டையைப் போட்டுவிட வேண்டும். இரண்டாவது மணி. வேறு யாராவது எடுத்தால்? செந்தாமரை எடுத்தால்? எடுத்து, எங்கே சிரிங்கண்ணே பார்ப்போம் என்றால்? மூன்றாவது மணியில் கட் செய்துவிட்டான். நான்காவது மணிக்கு இருக்கிற தைரியசாலிகள் வேறு ஜாதி.

கூட்ஸ் வந்தது. இன்ஜினுக்குப் பின்னால் மூடிய பெட்டிகள், ஒன்று, இன்னொன்று, ஃப்ளெக்ஸ் மறைந்துபோயிற்று. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கண் சிமிட்டுகிற நேரம் தெரியும், சிவப்பு, பெயர், வால், மறுபடி பெட்டி. பஸ் முழுக்க அதிர்ந்தது. இருக்கிறான், என்றது ஒரு பெட்டி. அடுத்த பெட்டி அப்படிச் சொல்லவில்லை. அவன் வேண்டுமென்றே நல்லதாக நினைத்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடுவது, தங்கையிடம் நாளைக்கு வருகிறேன் என்றுவிடுவது. கடையைக் கேட்டுக்கேட்டுப் போய் வாசலில் நிற்பது. அவன் நிமிர்ந்து பார்ப்பான், தலை நரைத்திருக்கும், தொந்தி போட்டிருப்பான். முதலில் பேசமாட்டான், வீம்பு. "வாலு நல்லா இருக்குடா" என்று சொல்லிவிட வேண்டும். அதற்குத் தாங்கமாட்டான், அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை வருஷம் ஏங்கியிருப்பான். நீ சொன்னதுதான் சரி, நான் இடம் விட்டிருக்கணும். எழுத்துக்கு மட்டும் இல்லடா. செந்தாமரை உள்ளேயிருந்து வருவாள். அவள் காலில் விழுந்தாலும் விழலாம், வயதில் சின்னவள்தான், அதனால் என்ன, தப்புக்கு வயது உண்டா. அப்புறம் டீ. யார் வாங்குவது? செத்தவன்தான், சட்டம் சட்டம்தான். எத்தனை பெட்டி இது, முடியாதா? முடிந்தால் தெரிந்துவிடும். முடிய வேண்டாம். போகட்டும், இன்னும் நூறு பெட்டி போகட்டும்.

கடைசிப் பெட்டியும் போய்விட்டது. கேட்டின் மணி நின்று, கம்பம் ஆடி ஆடி மேலே ஏறியது. எல்லா வண்டியும் ஒரே சமயத்தில் ஹாரன் அடித்தன. தண்ணீர் கேன் லாரி எதிர்ப்பக்கமாக உருண்டு இவர்கள் பஸ்ஸை உரசுகிற மாதிரி கடந்து போயிற்று. கண்டக்டர் ஓடிவந்து ஏறினார். பஸ் தண்டவாளத்தின் மேல் முன்னால் ஒரு குலுக்கு, பின்னால் ஒரு குலுக்கு என்று ஏறி இறங்கியது. ஃப்ளெக்ஸ் அவன் ஜன்னலுக்கு நேராக வந்தது. டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு மகிழ்நன் சிரித்தான். கீழே கடையின் பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. இடது பக்கம் தோற்றம், 20.10.1974. அந்தப் பூஜ்யங்கள் கவராயத்தின் பூஜ்யங்கள், கவராயத்தை ஊன்றிச் சுழற்றின முழு வட்டம். இரண்டு பேரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே வடிவம் அது. வலது பக்கம் மறைவு, 02.04.2025. அந்தப் பூஜ்யங்கள் வட்டமாக இல்லை. கோழிமுட்டை மாதிரி நீண்டு, ஒல்லியாக, வேறு ஏதோ எழுத்துருவில், வரியைவிட ஒரு நூல் மேலே ஏறி நின்றன. மகிழ்நன் உயிரோடு இருந்தால் அந்தப் பூஜ்யத்தை ஒரு நிமிஷம் சகித்திருக்க மாட்டான். அந்த ஃப்ளெக்ஸில் அது ஒன்றுதான் அவன் போடாதது. தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறான். இடம் விட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதன் கீழே சின்ன எழுத்தில் கண்ணீருடன் என்று ஒரு வரி. மனைவி செந்தாமரை, மகள் அல்லி, நண்பன் தயாபரன்.

"நிறுத்துங்க!" அது தன் குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இங்க ஸ்டாப்பிங் இல்லீங்க. நீங்க சேலம் டிக்கெட்டுதானே?" என்றார் கண்டக்டர்.

முந்திரிக்கொட்டை அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெரிந்தவர் இல்லை என்று சொன்னானே என்று அவள் கேட்கவில்லை. "எறக்கி வுடுங்கய்யா. அவரு வூட்டு ஆளு," என்றாள்.

இறங்கினான். பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது. பை அதில் போகிறது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, போகட்டும். ஃப்ளெக்ஸின் முன்னால் போய் நின்றான். புது மையின் நெடி இன்னும் போகவில்லை. கையை நீட்டி அந்த ழகரத்தின் வாலைத் தொட்டுப் பார்த்தான். எதற்குத் தொட்டான், ஃப்ளெக்ஸில் என்ன இருக்கிறது தொட, வழவழவென்று வெயிலில் சுட்டது. சரியான இடத்தில்தான் சுழிக்கிறது. கீழே போட்டோவில் இடிக்கவில்லை, போதுமான இடம் இருக்கிறது. நண்பன் தயாபரன் என்பதை மறுபடி படித்தான். பெயரில் ழ இல்லாத குறைக்கு ய-வின் வளைவை மகிழ்நன் கொஞ்சம் அகலமாக்கியிருந்தான். அது பழைய கவராயத்தில் கிடையாது. எப்போது உட்கார்ந்து செய்தானோ. பாட்டரி தீர்ந்த பொம்மை மாதிரி நின்றுகொண்டிருந்தவன் கையில் போன் அடித்தது. திரையில் மகிழ் என்று வந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நம்பிவிட்டான்.

"அண்ணே," என்றாள் செந்தாமரை.

அவள் குரலுக்குப் பின்னால் பறை அடிக்கிற சத்தம் கேட்டது.

"மிஸ்டு கால் பாத்தேன். எங்க இருக்கீங்க?"

"கேட்டாண்ட நிக்கறேன்மா. இதுக்கு முன்னாடி."

"மூணு மணிக்கு எடுக்கறாங்க. ஆறு மாசமாவே முடியலண்ணே. பொங்கல் முடிஞ்சதும் ஒருநா உக்காந்து அவரே எல்லாம் போட்டு வச்சாரு, போட்டோ, பேரு, எல்லாத்தையும். தேதிக்கு மட்டும் எடம் வுட்டிருந்தாரு. உங்க பேர எடுத்துடணும்னுதான் நான் இருந்தேன். நேத்து வரைக்கும் அப்படித்தான். எடுக்கல."

"செந்தாமரை, அன்னைக்கு நான்..."

"அது இருக்கட்டும்ண்ணே." அவள் குரல் உடையவில்லை, அழுது முடித்த குரல் அது. "தேதிய நேத்து நான்தான் போட்டேன். கடைப்பசங்க போடறேன்னாங்க, நான் குடுக்கல. எனக்கு அந்த ஃபாண்ட் எங்க இருக்குதுன்னு தெரியல, கைக்கு வந்ததப் போட்டுட்டேன். அவருக்கு ஒரு எழுத்து மாறுனாலே ஆவாது, உங்களுக்குத்தான் தெரியுமே. எழுத்து நல்லா வந்திருக்காண்ணே?"

தயாபரன் அந்த நீண்ட பூஜ்யங்களைப் பார்த்தான். மூன்றும் மேலே ஏறியிருந்தன. பக்கத்து எண்களோடு இடைவெளி சரியில்லை.

"வந்திருக்கும்மா," என்றான். "நல்லா வந்திருக்கு."